செம்பனின் உண்ணாவிரதம்

பாம்புக்குப் பழிவாங்கத் தெரியாது. இதைச் சொல்லிவைக்காமல் மேலே ஒரு வரி எழுதினாலும் அது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்பதால் முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. பழிவாங்குவது சின்ன வேலை அல்ல. ஆளை நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் வீடு மாறினால் புது விலாசத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் மனம் புண்பட வேண்டும். இத்தனையும் ஒருசேர அமைந்திருப்பது மனிதர்களிடம், அதிலும் நெருங்கிய சொந்தக்காரர்களிடம் மட்டும்தான். பாம்பின் தலைக்குள் சூடு, குளிர், பசி, ஒளிந்துகொள்ள ஓர் இடம் ஆகியவற்றைத் தவிர வேறு விவகாரங்களுக்கு அவ்வளவாக இடமில்லை. இவையெல்லாம் பத்மாசனிக்கு நன்றாகத் தெரியும்; நூலகத்தில் பாம்பு வளர்ப்பைப் பற்றி இருந்த புத்தகங்கள் அத்தனையையும் அவள் வாசித்து முடித்திருந்தாள். தெரிந்திருந்தும், கனடாவின் ஸ்காபரோவில், அண்ணன் வீட்டில் அவள் குடியிருந்த பேஸ்மென்டில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை பின்னேரம், தன் வளர்ப்புப் பாம்பு செம்பனுக்காகக் கண்ணாடிக் கோப்பைக்குள் செத்த எலிக்குஞ்சு ஒன்றை இளகவைத்துக்கொண்டு நின்றபோது, இவன் என்னைப் பழிவாங்குகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வெள்ளை ரோமம் அரும்பத் தொடங்கிய எலிக்குஞ்சு. கடையில் உறையவைத்துப் பையில் போட்டு விற்பார்கள். முன்பு அதை மேல்வீட்டு ஃப்ரீசரில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். தமிழ் வீட்டு ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்பது உலகறிந்த செய்தி என்று நம்பியிருந்தாள். மச்சாள், அண்ணனின் மனைவி, திறந்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பேஸ்மென்டுக்கென்று தனியாக இந்தச் சின்ன ஃப்ரீசர். தண்ணீர் கொதிக்கக்கூடாது, கை பொறுக்கும் சூடு போதும், கோப்பையை மூடி வைக்க வேண்டும், எலியின் வயிற்றை இடுக்கியால் அழுத்திப் பார்த்து உள்ளே பனிக்கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. வெந்நீரை ஊற்றினாள், ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டாள், எலியை இறக்கினாள், மூடினாள். கைகள் வேலை செய்துகொண்டிருக்க மனம் வேறெங்கோ போயிருந்தது. நாளைக்குக் காலையில் அட்டைப் பெட்டி வரும். இன்று இவன் சாப்பிடாவிட்டால் நாளைக்குக் காலையில் அண்ணன் இவனைப் பெட்டிக்குள் வைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார். அப்படித்தான் தீர்மானம். யார் தீர்மானித்தது என்று கேட்டால் அண்ணன் மச்சாள் என்பார், மச்சாள் அண்ணன் என்பாள். அந்த வீட்டில் பத்மாசனியைப் பற்றிய தீர்மானங்கள் எல்லாம் இப்படி ஆள் அடையாளம் இல்லாமல்தான் பிறந்து வளர்ந்தன.

“மாப்பிள்ளை என்னவாம்?” படிக்கட்டின் உச்சியிலிருந்து மச்சாளின் குரல். அண்ணன் பேரின்பநாதனின் மனைவி விமலா; பேஸ்மென்டுக்குப் பாம்பு வந்த நாளிலிருந்து மூன்றாம் படிக்குக் கீழே அவள் கால் வைத்ததில்லை. “இன்னும் குடுக்கேல்லை மச்சாள்.” “குடுக்கேக்கை பக்கத்தில கொஞ்சம் பால் வைச்சுப் பாருமன்.” “பாம்பு பால் குடியாது.” “குடியாதோ? அப்ப கோயில் புத்தில ஊத்திற பாலை எல்லாம் ஆர் குடிக்கிறது?” “எறும்பு.” “உமக்கு எல்லாத்துக்கும் மறுமொழி இருக்கு, அவருக்கு மட்டும் பசி இல்லை. இஞ்ச பாரும் பத்மா, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அது பட்டினி கிடந்து இந்த வீட்டுக்குள்ள செத்துதெண்டால் அந்தப் பாவம் ஆரின்ர தலையில? வீட்டுக்காரன்ர தலையில. எங்கட பிள்ளையளின்ர தலையில.” கதவு மூடிக்கொண்டது. மாப்பிள்ளை என்ற சொல் மட்டும் படியிறங்கி வந்து துணி தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது. பத்மாசனிக்கு ஐம்பத்தேழு வயதில் மாப்பிள்ளை. இளவயதில் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளைகள் ஒருவர்கூடப் பட்டினி கிடக்கவில்லை. அதை மறக்க முடியாது. தட்டு வைத்ததும் பயற்றம் பணியாரத்தை இரண்டு இரண்டாக எடுத்தார்கள், முறுக்கைக் கடித்தார்கள், தேநீருக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டார்கள், கைதுடைத்துவிட்டுப் போய் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். ஒருவர் உயரம் போதாது என்றார். ஒருவர் காரணமே சொல்லவில்லை. ஆனால் பணியாரம் செய்த விதத்தை மட்டும் கேட்டு அனுப்பியிருந்தார். அவளைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அவள் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தாள். எந்தப் பாடம் படிப்பது, எந்த விமானத்தில் ஏறுவது, எந்த அறையில் தங்குவது, எந்த ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேருவது, எல்லாவற்றுக்கும் நிலத்தைப் பார்த்தபடியே தலையாட்டி ஆயிற்று. அந்த ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் முப்பது வருடம். கத்தரிகள், இடுக்கிகள். அங்கேகூட அவள் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. தட்டு வரும், கழுவுவாள், தட்டு போகும். இவனைத்தான் தேர்ந்தெடுத்தாள். முதல்முறையாக நிமிர்ந்து நின்று, இவரைப் பார்க்கிறேன், அவரையும் பார்க்கிறேன், என்று சொல்லித் தேர்ந்தெடுத்தாள்.

மூன்று பேரைப் பார்த்தாள். கடைக்காரி லிண்டா, பெரிய சிரிப்பும் கழுத்தில் பச்சை குத்திய பல்லியுமாக, ஒவ்வொருவரையும் வெளியே எடுத்துக் காட்டினாள். முதலாமவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குட்டை மலைப்பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வார், யாரையும் கடிக்கமாட்டார், மிக அமைதி, புதியவர்களுக்கு ஏற்றவர் என்று எல்லோரும் வாங்கிப் போகிறார்கள். ஆனால் மனம் கோணினால் மாதக்கணக்கில் சாப்பிடமாட்டார் என்றாள் லிண்டா. அவ்வளவுதான், பத்மாசனி அவரை வேண்டாம் என்றாள். சாப்பாட்டு மேசையில் முகம் கோணும் ஆண்களை அவள் மேல்வீட்டில் போதுமான அளவுக்குப் பார்த்திருந்தாள். இரண்டாமவர் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட ராஜபாம்பு. எது கொடுத்தாலும் சாப்பிடுவார், கொடுக்கிற விரலையும் சேர்த்து, பக்கத்தில் இன்னொரு பாம்பு இருந்தால் அதையும். வேண்டாம். வேண்டாம் என்று சொல்வது இவ்வளவு ருசியான காரியம் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பணியாரம் தின்றவர்கள் ஏன் அத்தனை உற்சாகமாக அதைச் சொன்னார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்றாமவர் சோளப்பாம்பு. சோளம் தின்பதில்லை, சோளம் குவித்த களஞ்சியத்துக்கு வரும் எலியைத் தின்பவர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். விஷமில்லை. வளர்ந்தால் ஒரு மனிதர் உயரத்துக்கு மேல் போகமாட்டார். சுற்றிவந்து தொல்லை தரமாட்டார், குரைக்கமாட்டார், கட்டிலில் ஏறிப் படுக்கமாட்டார், கூப்பிட்டால் வரமாட்டார், ஆனால் கையில் எடுத்தால் கையைத் தன்னுடைய கிளை என்று நம்பி விரல்களுக்கிடையே போய்வருவார். செம்பு நிறம். உள்ளங்கையில் வைத்தாள், குளிர்ந்தும் இல்லை, வழுவழுப்பாகவும் இல்லை. பாம்பு வழுவழுப்பானது என்பதும் ஒரு பிழையான கருத்து. உண்மையில் அது நல்ல தோல் கைப்பையைப் போல உலர்ந்திருக்கும். “சாப்பிடுமோ?” என்று கேட்டாள். பாம்பு வாங்குகிறவர்கள் அது சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. லிண்டா எலிக்குஞ்சு ஒன்றை இடுக்கியில் நீட்டினாள். மின்னல் மாதிரி ஒரு பாய்ச்சல், மூன்று சுற்று, பிறகு வாய் விரிந்து, அந்த வெள்ளை எலி தலையிலிருந்து மெல்ல மெல்ல மறைந்தது. இருபது வருடம் இருப்பான் என்றாள் லிண்டா. பத்மாசனி கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுபத்தேழு ஆகும். அதுவரை கூட இருக்கிறேன் என்று இதற்குமுன் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அதனால்தான் நெஞ்சு எரிந்தது. சாப்பிடுகிறவன் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் சாப்பிடவில்லை. முதல் வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டாள். அது புத்தகத்தில் இருந்தது, புது இடம் பழக வேண்டும். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுத்தாள், ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டாம் என்றான். இப்போது கழுத்துக்குப் பின்னால் தோல் கொஞ்சம் மடிந்திருப்பதுபோலத் தெரிகிறது. இல்லை, வெளிச்சம் அப்படி. இல்லை, மடிந்துதான் இருக்கிறது. எது பிழை? அவன் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் அடியில் சூட்டுத் தகடு, அதைக் கட்டுப்படுத்த ஒரு கருவி, மறுபக்கம் குளிர்ச்சி. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு குகை. குடிக்கத் தண்ணீர், தினமும் மாற்றுகிறாள். படுக்க மரச்சீவல். மூடியில் கொளுவி, ஏனென்றால் பாம்புகள் தப்பியோடுவதில் கெட்டிக்காரர்கள், மச்சாள் அதைக் கேட்டதும் கொளுவிக்கு மேல் இரண்டு அகராதிகளை ஏற்றி வைக்கச் சொன்னாள், வைத்தாள். எட்டிப் பார்த்துத் தொல்லை கொடுப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் கையில் எடுப்பதில்லை. தோல் உரிக்கும் காலத்தில் பாம்புகள் சாப்பிடா. ஆனால் கண் பால் போலாகவில்லை, தெளிவாகத்தான் இருக்கிறது. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஒருவன் சாப்பிடவில்லை என்றால் பிழை என்னில்தான். அந்த நினைப்பு வரும் வழி அவளுக்கு நன்றாகத் தெரியும்; எந்தக் கதவைத் திறந்தாலும் கடைசியில் அந்த அறைக்குத்தான் கொண்டுபோய் விடும். பத்மாவுக்குச் செடி தங்காது. பத்மாவுக்கு ரொட்டி மெத்தென்று வராது. பத்மாவுக்கு எது நல்லதென்று பத்மாவுக்குத் தெரியாது. கோப்பையின் மூடியைத் திறந்து எலியின் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இளகியிருந்தது. காகிதத் துண்டில் ஒற்றி, தலைப்பக்கம் முன்னால் வரும்படி நீண்ட இடுக்கியில் பிடித்தாள். முப்பது வருடம் இடுக்கிகளைக் கழுவியவளுக்கு ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அகராதிகளை இறக்கினாள். கொளுவியை விலக்கினாள். செம்பா, என்றாள், சத்தமில்லாமல்.

அவன் வந்தான். அதுதான் வேதனை. சூட்டுப் பக்கத்துக் குகையிலிருந்து தலை நீண்டது, நாக்கு நீண்டது. நாக்கை நீட்டுவது கோபத்தில் என்று நினைக்கிறார்கள். கோபம் ஒன்றும் இல்லை, அதுதான் அவனுக்கு மூக்கு, காற்றில் மிதப்பதை நாக்கால் எடுத்து அண்ணத்தில் வைத்துத்தான் அவன் உலகத்தை முகர்கிறான். நெருங்கினான். கழுத்து வளைந்து எழுந்தது, பாயப்போகும் வளைவு, அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். நாக்கு. நாக்கு. மறுபடி நாக்கு. பிறகு வளைவு தளர்ந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு குளிர்ப் பக்கத்துக் குகைக்குள் போனான், சபையில் அவமானப்பட்டவர் எழுந்து போவதுபோல, அவசரப்படாமல். இடுக்கியில் எலி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் மடித்து நிலத்தில் உட்கார்ந்தாள். பசி இல்லாதவன் வரமாட்டான். வந்தான். பசியோடு மேசைக்கு வந்து தட்டுக்கு முன்னால் குனிந்த பிறகு எழுந்து போகிறான். ஏன் எழுந்து போகிறான்? அவளும் ஒருநாள் அப்படி எழுந்து போனாள். எங்கே? ஆஸ்பத்திரியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த மார்கரெட்டின் பிறந்தநாள். இரவு வேலை முடிந்து காலையில் நல்ல பசி. மார்கரெட் தன் கையால் செய்த ஆப்பிள் பணியாரத்தைத் துண்டு போட்டு, பெரிய துண்டாகப் பார்த்து, முதலில் இவளுக்குத்தான் நீட்டினாள். பொன்னிறம், ஆவி பறந்தது, வாய் ஊறியது. குனிந்தாள். கறுவா. ஆட்டிறைச்சிக் கறியில் தாளிக்கும் கறுவாப்பட்டையின் மணம் சீனியிலும் பழத்திலும் ஏறி மூக்குக்குள் வந்தது, இறைச்சிக் கறிக்குள் யாரோ சீனியைக் கொட்டியதுபோல. துண்டைத் தொடாமலே எழுந்து போய்விட்டாள். மார்கரெட் ஒரு மாதம் அவளோடு கதைக்கவில்லை. பணியாரத்தில் ஒரு குறையும் இல்லை. மார்கரெட்டில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய பசியிலும் குறையில்லை. மணம் இடம் மாறி இருந்தது, அவ்வளவுதான். மணம். பத்மாசனி இடுக்கியை மெல்லத் தூக்கி மூக்குக்கு அருகே கொண்டுவந்தாள்.

கடையில் கொடுத்த எலி வெள்ளை. இந்த எலி மஞ்சள். விளக்குக்கு நேரே பிடித்தாள். நல்ல பளிச்சென்ற மஞ்சள், பொரிக்க எடுத்துவைத்த மீன்துண்டு மாதிரி. கோப்பைக்குள் தண்ணீர் மஞ்சள். இடுக்கியின் நுனி மஞ்சள். அவளுடைய பெருவிரல் நகம் மஞ்சள். இத்தனை வாரமும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பிழை எங்கே என்று சூட்டைத் தேடினாள், ஈரத்தைத் தேடினாள், மரச்சீவலைக் கிளறித் தேடினாள், தன் தலையெழுத்தில்கூடத் தேடினாள், மஞ்சளில் மட்டும் தேடவில்லை, ஏனென்றால் மஞ்சள் போடுவது அவள் செய்கிற காரியமே அல்ல. அது கை செய்வது. கோழி வந்தாலும் மீன் வந்தாலும் ஆடு வந்தாலும், செத்த உடம்பு எதுவும் மஞ்சள் தண்ணீரில் முங்காமல் அவள் கையைத் தாண்டிச் சட்டிக்குப் போனதில்லை. அம்மாவுக்கு அப்படி, அம்மாவின் கைக்கு அப்படி, மஞ்சள் டப்பாவின் மூடி தானாகவே திறந்து தானாகவே மூடிக்கொள்ளும். மாடிப்படி ஏறும்போது முதலில் எந்தக் காலை வைத்தேன் என்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? புத்தகம் எழுதியவர்களையும் குறை சொல்ல முடியாது. எலியை இளகவைக்கும்போது மஞ்சள் போடாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்தான். ஆனால் அந்த மேற்கத்தியப் பண்டிதர்களுக்கு அப்படி ஓர் அபாயம் உலகத்தில் உண்டு என்று கனவிலும் தோன்றியிருக்காது. பத்மாசனி சிரிக்கத் தொடங்கினாள். வயிறு குலுங்கக் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு, அவனுக்கு அதிர்வு படக்கூடாதே என்று துணி தோய்க்கும் இயந்திரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பழிவாங்கவில்லை! பாவம், அவன் பழிவாங்கவில்லை. வாராவாரம் மரியாதையாக வந்து, முகர்ந்து, இது உணவல்ல ஏதோ சடங்கு என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறான். பிழை நான் தேர்ந்தெடுத்ததில் இல்லை. அந்த வாக்கியம் ஒருமுறை வந்தது, போனது, திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிழை தேர்ந்தெடுத்ததில் இல்லை. ஃப்ரீசரைத் திறந்தாள். பையில் இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. புதுக் கோப்பை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். சவர்க்காரத்தில் ரோஜாப்பூ மணம், சீ, மறுபடி வெறும் தண்ணீரில் கழுவினாள், ஆஸ்பத்திரியில் கழுவுவதுபோல முழங்கை வரைக்கும். இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். வெந்நீரை ஊற்றினாள். வலது கை மேல்தட்டை நோக்கி எழுந்தது, டப்பாவைத் தேடி, பழைய வேலைக்காரனைப் போல. இடது கையால் அதைப் பிடித்து இறக்கினாள்.

அப்போதுதான் அண்ணன் படியிறங்கி வந்தார். நாளைக்கு வர வேண்டிய பெட்டி இன்றைக்கே அவர் கக்கத்தில் இருந்தது. நாலு பக்கமும் ஸ்க்ரூ டிரைவரால் வரிசையாக ஓட்டை குத்தியிருந்தார். பேரின்பநாதன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். “காத்துப் போகட்டும் எண்டு கொஞ்சம் கூடுதலாத்தான் குத்தினனான்,” என்றார். “சாப்பிட்டதோ?” “இல்லை அண்ணை. இருங்கோ. இன்னொருக்காக் குடுக்கப் போறன்.” “காணும் பத்மா, விடு. அந்தச் சீவனை ஏன் வதைக்கிறாய்? நாளைக்கு வெள்ளெனப் போய்க் குடுத்திட்டு வருவம். உனக்கு ஒரு கிளி வாங்கித் தாறன். கதைக்கிற கிளி.” “கதைக்கிறதுக்கு மேல ஆக்கள் இருக்கினம்.” அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், அது பகிடியா என்று அவருக்குப் பிடிபடவில்லை. “ஏன் பாம்பு? எத்தினை சீவன் இருக்கு உலகத்தில. உனக்கு ஏன் பாம்பு?” “இருங்கோ அண்ணை,” என்றாள். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஏன் பாம்பு. அவருக்குச் சொன்னால் விளங்காது. ஊரில் யுத்தம் நடந்தபோது அவர் ஏற்கெனவே கனடாவில். பதுங்குகுழிக்குள் அவளும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாக ஒருத்தர்மேல் ஒருத்தர் இருந்த அன்றைக்கு, மேலே விமானம் வட்டமிட்டபோது, மண்சுவரின் மூலையில் அதுவும் இருந்தது. என்ன பாம்பு என்று தெரியாது. அவள் மட்டும்தான் கண்டாள். கத்தினால் எல்லோரும் வெளியே ஓடுவார்கள், ஓடினால் மேலே இருப்பவன் காண்பான், ஆகவே கத்தவில்லை. பாம்பும் அசையவில்லை. அதன் விலாவும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவளுடையதைப் போல. குண்டு எங்கோ தள்ளி விழுந்தது, சத்தம் ஓய்ந்தது, எல்லோரும் ஏறிப் போனார்கள், கடைசியாக அவள். அந்தக் குழிக்குள் இருந்தவர்களில் அவளிடம் எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல், அழாமல், அவளை அழாதே என்று அதட்டாமல் இருந்தது அது மட்டும்தான். பிறகு வாழ்க்கையில் எவ்வளவோ பேரோடு ஒரே அறையில் இருந்தாயிற்று. அந்த அளவுக்கு நல்ல துணை அமையவில்லை. தண்ணீருக்குள் எலி இளகிவிட்டது. வெள்ளையாக இருந்தது. மார்கழிப் பனியைப்போல, மச்சாளின் கோயில் சேலையைப்போல, அப்படி ஒரு வெள்ளை.

“அசையாதையுங்கோ,” என்றாள். அண்ணன் அசையவில்லை. குளிர்ப் பக்கத்துக் குகைக்கு முன்னால் இடுக்கியை இறக்கி, உயிருள்ள எலி நடப்பதுபோல மெல்ல ஆட்டினாள். ஒன்றும் இல்லை. மேல்வீட்டில் குழாய் திறக்கும் சத்தம். ஒன்றும் இல்லை. சூட்டுத் தகட்டின் சிவப்புப் பொட்டு எரிந்தது, அணைந்தது. ஒருவேளை மஞ்சளும் இல்லையோ. ஒருவேளை நான்தானோ. ஒருவேளை அந்த அறைதான் எல்லாக் கதவுக்கும் பின்னால் இருக்கிறதோ, திறந்து பார்த்துத் திறந்து பார்த்துக் கடைசியில். தலை வந்தது. நாக்கு. இடுக்கியை அதே உயரத்தில் பிடித்திருந்தாள். கத்தரிகளும் கத்திகளும் கழுவிய கை. நாக்கு. கழுத்து பின்னால் இழுபட்டு வளைந்தது, வளைந்து, வளைந்து, இனி வளைய இடமில்லை என்னும்படி வளைந்து நின்றது. அவள் கண் இமைக்கவில்லை, அவனுக்கோ இமையே கிடையாது. பிறகு என்ன நடந்தது என்று பார்க்க முடியவில்லை, இடுக்கியில் ஓர் இழுப்பு மட்டும், தொலைவில் யாரோ அவளுடைய கையைப் பிடித்து இழுத்ததுபோல. குனிந்து பார்த்தபோது எலி அவன் சுருளுக்குள் இருந்தது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. ஏற்கெனவே செத்த எலியை அவன் மிகுந்த சிரத்தையோடு மறுபடி கொன்றுகொண்டிருந்தான். பிறகு சுருள் தளர்ந்தது, தலையைத் தேடினான், கண்டான், தாடை அகன்றது, இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி என்று, அந்த மெல்லிய கழுத்து தன்னைவிடப் பருத்த ஒன்றை உள்ளே எடுத்துக்கொண்டது. அண்ணன் பெட்டியை மடியிலிருந்து இறக்க மறந்து, அதைக் கட்டிக்கொண்டே எழுந்து நுனிக்காலில் வந்திருந்தார். “விழுங்குதடி,” என்றார் கிசுகிசுப்பாக. “எடியே பத்மா, விழுங்குது!” வாலும் இரண்டு பின்னங்கால்களும் மிச்சம். பிறகு வால் மட்டும். பிறகு அதுவும் இல்லை. செம்பன் தலையைத் தூக்கி ஒரு கொட்டாவி விட்டான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாடையைச் சரிசெய்துகொண்டான், வயிற்றில் ஒரு சின்ன வீக்கத்தோடு சூட்டுப் பக்கத்துக்கு நகர்ந்தான்.

கொண்டாட ஆளில்லாத வெற்றிகள் மனிதரை உடனே வாயாடியாக்கிவிடும். ஆனால் பத்மாசனி இடுக்கியைத் துடைத்து வைத்தாள். ஏதாவது பேசினால் அந்த வெற்றி கீழே சிந்திவிடும்போல இருந்தது. நெஞ்சுக்குள் ஒன்று எழுந்து நிமிர்ந்து நின்றது. உயரம் போதாது என்றவன் இப்போது வந்து அளந்து பார்க்கட்டும். இருபது வருடம். எழுபத்தேழு. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எலி, பிறகு அவன் வளர வளரப் பெரிய எலி, எல்லாம் வெள்ளை. மேலே கதவு திறந்தது. “என்ன சத்தம் அங்க? செத்துப் போச்சோ?” மச்சாளின் குரலில் பாதிப் பயமும் பாதி ஆவலும். “சாப்பிட்டிட்டுதப்பா!” என்றார் அண்ணன், தானே விழுங்கிய பெருமிதத்தோடு. “முழுசா! வாலோட!” “மெய்யாத்தானோ? நான் பால் வைக்கச் சொன்னனான், வைச்சனீரோ?” “இல்லை மச்சாள்,” என்றாள் பத்மாசனி, “நான் ஒண்டு வைக்காமல் விட்டனான்.” “என்னத்தை?” மச்சாளின் கால் மூன்றாம் படியைத் தாண்டி நாலாம் படியில் இறங்கி, அங்கே நின்று, எட்டிப் பார்த்தது. பத்மாசனி மூடியை மூடினாள், கொளுவியை மாட்டினாள். அகராதிகளை மேலே வைக்கவில்லை. “ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் இவனைத் தொடப்படாது,” என்றாள். “சமிக்க விட வேணும். மற்றது, அண்ணை, அந்தப் பெட்டியை மேல கொண்டுபோங்கோ.” அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்தது அதுவே முதல்தடவை. அண்ணன் பெட்டியைக் குனிந்து பார்த்தார், அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று விளங்காதவர்போல; பிறகு அதைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி கராஜில் இருந்தது. திங்கட்கிழமை மச்சாள் அதை எடுத்துவந்து, அடியில் பழைய பத்திரிகை விரித்து, வெங்காயம் போட்டு வைத்தாள். நாலு பக்கமும் ஓட்டை இருந்தபடியால் அந்தக் குளிர்காலம் முழுக்க வெங்காயம் அழுகவில்லை.